நறுக்கத் துணியும் விலை

ஆயுத பூசைக்கு முந்தின நாள் மாலையில் எங்கள் வீட்டில் ஒரு கணக்கெடுப்பு நடக்கும். அரிவாள்மனை, தேங்காய்த் துருவி, சுத்தியல், தையல் இயந்திரம், மகளின் மிதிவண்டி எல்லாவற்றையும் துடைத்துச் சந்தனமும் குங்குமமும் இட்டு முடித்த பிறகு, பீரோவின் கீழ்த்தட்டிலிருந்து என் கத்திகளைக் கொண்டுவந்து ஒரு பழைய வேட்டியின்மேல் வரிசையாக அடுக்குவேன். அவற்றுக்குப் பொட்டு வைப்பது மனைவியின் வேலை. 2010ஆம் ஆண்டு ஒவ்வொன்றாகப் பொட்டு வைத்துக்கொண்டே போனவள் 43ஆவது கத்தியில் நிமிர்ந்து, "என்னங்க, குங்குமம் தீர்ந்துபோச்சு" என்றாள். வேறொன்றும் சொல்லவில்லை. சென்ற ஆண்டு அதே வேட்டியின்மேல் 9 கத்திகள் இருந்தன. 43 என்பது 9 ஆன கதையையும், ஒரு கத்திக்கு நான் கொடுக்கச் சம்மதித்த தொகை ஏறி இறங்கிய கதையையும் எழுதி வைக்கலாம் என்று தோன்றியது.

என்னுடைய முதல் கத்தி விலை கொடுத்து வாங்கியது அன்று. என் தாத்தா ஒரு சொல்தா. புதுச்சேரிக்காரர்களுக்கு இந்தச் சொல்லை விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன், பிரெஞ்சுப் படையில் சிப்பாயாக வேலை பார்த்து ஓய்வூதியத்தோடு ஊர் திரும்பியவர்களை இங்கே இன்றும் அப்படித்தான் அழைக்கிறோம். சைகோனில் சில ஆண்டுகள் இருந்துவிட்டு முத்தியால்பேட்டைக்கு அவர் திரும்பியபோது பெட்டியில் இருந்தவற்றுள் ஒன்று, மரப்பிடி போட்ட ஒரு மடக்குக்கத்தி. காலையில் ரொட்டி அறுப்பது, மாலையில் கொய்யா கீறுவது, இடையில் கயிறு வெட்டுவது, என் பென்சிலைச் சீவிக் கொடுப்பது எல்லாம் அந்த ஒரே கத்திதான். அதன் அலகு கறுத்துச் சாம்பல் பூத்தது போல இருக்கும். அலகின் அடிப்பக்கத்தில் ஒரு கையும் அதற்குமேல் ஒரு கிரீடமும் பொறித்திருக்கும். "அது ராசா கை" என்பார் தாத்தா. மழைக்காலத்தில் அவர் கத்தியை விரிப்பதற்கு முன்னால் அதன் பிடியின் பின்முனையைத் திண்ணை விளிம்பில் 'டொக்' என்று ஒரு தட்டுத் தட்டுவார். அது அவருடைய பட்டாளத்து மிடுக்கு என்றே நாங்கள் எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தோம். 1988இல் அவர் காலமான பிறகு பாட்டி அந்தக் கத்தியை எனக்குக் கொடுத்தார். கையில் கொடுக்கவில்லை, கத்தியைக் கைக்குக் கை மாற்றினால் உறவு அறுந்துவிடும் என்று திண்ணையில் வைத்து, எடுத்துக்கொள்ளச் சொன்னார். பிரெஞ்சுக்காரர்களுக்கும் இதே அச்சம் உண்டு. அங்கே கத்தியைப் பரிசாகப் பெறுகிறவர் ஒரு காசைத் திருப்பிக் கொடுத்து, அதை விலைக்கு வாங்கியதாகக் கணக்கை நேர் செய்துவிடுவார். தாத்தா இருந்திருந்தால் அந்தக் காசையும் கேட்டு வாங்கியிருப்பார்.

1994இல் அரசு அலுவலகம் ஒன்றில் எழுத்தராகச் சேர்ந்தேன். மாதச் சம்பளம் கைக்கு வந்த பிறகுதான் கத்தி வாங்குவது ஒரு பழக்கமாயிற்று. காந்தி வீதியில் ஞாயிறுதோறும் கூடும் சண்டே மார்க்கெட்டில், பழைய துணிகளுக்கும் பழைய பூட்டுகளுக்கும் நடுவே யாராவது ஒருவர் கத்திகளைப் பரப்பி வைத்திருப்பார். ஒரு கத்திக்கு 100 ரூபாய்க்கு மேல் கொடுப்பதில்லை என்று ஒரு வரம்பு வைத்துக்கொண்டேன். அது என் பொறுப்புணர்ச்சிக்குச் சான்று என்று அப்போது நம்பினேன். உண்மையில் மாதம் இரண்டு கத்தி வாங்குவதற்கு நானே எனக்குக் கொடுத்துக்கொண்ட அனுமதிச் சீட்டுதான் அது. மீன் வடிவப் பித்தளைக் கத்தி, சாவிக்கொத்தில் தொங்கும் கத்தி, துப்பாக்கி போலப் பிடி வைத்த கத்தி, பழைய இந்திப் படங்களில் வில்லன்கள் விரித்துக் காட்டும் ராம்பூர்க் கத்தியின் மலிவான போலி என்று எல்லாம் வந்து சேர்ந்தன. என் ரசனை அப்போது பளபளப்பிலும் சத்தத்திலும் இருந்தது. விரிக்கும்போது 'டக்' என்று கேட்டால் போதும், காசை எண்ணிவிடுவேன். அவற்றில் ஒன்றாவது ஒரு வெங்காயத்தை ஒழுங்காக நறுக்குமா என்று பார்த்ததே இல்லை.

கத்தி சேர்க்கிறேன் என்று சொன்னால், நாணயம் சேர்ப்பவரையும் தபால்தலை சேர்ப்பவரையும் பார்க்கிற மாதிரி நம்மை யாரும் பார்க்கமாட்டார்கள். பெண் பார்க்கப் போன இடத்தில் என் அம்மா இந்தப் பேச்சையே எடுக்க விடவில்லை. வழக்கறிஞரான நண்பர் ஒருவர்தான், விலை வரம்பைவிட உருப்படியான இன்னொரு வரம்பை எனக்குச் சொன்னார். 1959ஆம் ஆண்டின் படைக்கலச் சட்டத்தை ஒட்டிய விதிகளின்படி, 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள அலகுடைய கத்தி, வீட்டுக்கோ விவசாயத்துக்கோ அறிவியலுக்கோ தொழிலுக்கோ என்று செய்யப்பட்டதாக இல்லாவிட்டால், உரிமம் கேட்கும் ஆயுதமாகிவிடும். என்னிடம் அப்படி ஒன்று இருந்தது. அன்றைக்கே அதைக் கழித்துவிட்டேன். அதற்குப் பிறகு 4 அங்குலத்தைத் தாண்டிய மடக்குக்கத்தி எதையும் நான் வாங்கியதில்லை. நீள வரம்பை 30 ஆண்டுகளாகக் காப்பாற்றி வருகிற எனக்கு, விலை வரம்பை அப்படிக் காப்பாற்ற முடிந்ததில்லை.

முதலில் அதை உடைத்தது ஒரு சுவிஸ் கத்தி. 1999இல், சிங்கப்பூரில் வேலை பார்த்த மைத்துனர் விடுமுறைக்கு வரும்போது விக்டோரினாக்ஸ் ஒன்று வாங்கிவரச் சொல்லியிருந்தேன். 950 ரூபாய் ஆயிற்று. அதற்காக மூன்று மாதம் சண்டே மார்க்கெட் பக்கமே போகவில்லை. 1884இல் கார்ல் எல்செனர் என்பவர் தொடங்கிய பட்டறை அது. தன் தாயின் பெயரான விக்டோரியாவோடு, துருப்பிடிக்காத எஃகைக் குறிக்கும் 'இனாக்ஸ்' என்ற பிரெஞ்சுச் சொல்லைச் சேர்த்து 1921இல் உருவான பெயர்தான் விக்டோரினாக்ஸ். இனாக்ஸ் என்ற சொல் தாத்தா வாயிலிருந்து எனக்குப் பழக்கமானதுதான், எங்கள் வீட்டுக் கரண்டியும் தட்டும் அவருக்கு இனாக்ஸ்தான். அந்தக் கத்தி வந்த வாரத்தில், அதுவரை வாங்கிய எல்லாவற்றையும் எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். சிவப்புப் பிடிக்குள் ஏழெட்டுக் கருவிகள் இடுக்கே இல்லாமல் அடங்கியிருந்தன. மற்றவை எல்லாம் திருவிழாக் கடைப் பொம்மைகள் போலத் தெரிந்தன. 100 ரூபாய் வரம்பு அன்றோடு போயிற்று. நான் கடைசியாகக் கொடுத்த பெரிய தொகை எதுவோ, ஆறு மாதத்தில் அதுவே கத்திக்கு நியாயமான விலை என்று ஆகிவிடும். அதற்கும் குறைவாக ஒன்று கண்ணில் பட்டால், அதில் ஏதோ கோளாறு இருக்கிறது என்று மனம் சொல்லும். 950 இப்படித்தான் 2,500 ஆயிற்று.

அந்த 2,500 ரூபாயைக் கொடுத்து 2006இல் ஒரு கடையில் 'லகியோல்' வாங்கினேன். தென் பிரான்சின் அவெரோன் பகுதியிலுள்ள ஒரு சிற்றூரின் பெயர் அது. மெலிந்து வளைந்த பிடியும், பிடியின் முதுகில் தேனீ உருவமும் கொண்ட அந்த ஊர்க் கத்திக்கும் அதே பெயர். பாரிசிலிருந்து வந்த சித்தப்பாவிடம் பெருமையாகக் காட்டினேன். அவர் அதை விரித்து, அலகை ஆட்டிப் பார்த்துவிட்டு, "பேரு லகியோல்தான்பா, ஊருதான் வேற" என்றார். அந்தப் பெயரை யார் வேண்டுமானாலும் அலகில் அடித்துக்கொள்ளலாம் என்கிற நிலை நெடுநாள் இருந்ததால், எங்கெங்கோ செய்யப்பட்ட கத்திகள் எல்லாம் லகியோல் என்ற பெயரில் விற்றன. ஏமாந்ததற்குப் பரிகாரம் அசலை வாங்குவதுதான் என்று எனக்குத் தோன்றியது. 2008இல் சித்தப்பா மூலமாக, அந்த ஊரிலேயே செய்த ஒன்றை 140 யூரோ கொடுத்து வரவழைத்தேன். கொம்புப் பிடியில் சிறு ஆணிகளால் சிலுவை பதித்திருந்தார்கள். மேய்ப்பர்கள் கத்தியை ரொட்டியில் நட்டுவைத்து அந்தச் சிலுவையைப் பார்த்துச் செபம் செய்வார்கள் என்பது அந்த ஊரில் சொல்லப்படும் கதை. நம் பணத்தில் 9,000 ரூபாய்ச் சொச்சம். அழகு என்றால் அப்படி ஒரு அழகு. அதை வைத்து நான் ரொட்டி அறுத்ததாக நினைவில்லை.

அதன் பிறகு என் கண் பிடியை விட்டு எஃகுக்குத் தாவியது. கத்தி சேர்ப்பவர்கள் பலருக்கும் வருகிற அம்மை இது. கரிமம் எத்தனை விழுக்காடு, குரோமியம் எத்தனை, ராக்வெல் அளவில் கடினம் எத்தனை என்று இரவெல்லாம் படிப்பேன். பெயர்கள் மந்திரம் போல இருக்கும். அவற்றில் எஸ்30வி என்பது 2001இல் வந்த ஒரு அமெரிக்க எஃகு, 1.45 விழுக்காடு கரிமம், 14 விழுக்காடு குரோமியம், 4 விழுக்காடு வனேடியம். இதை உருவாக்குவதில் யோசனை சொன்னவர் கிரிஸ் ரீவ், தென் ஆப்பிரிக்காவிலிருந்து அமெரிக்காவுக்குக் குடியேறிய கத்தித் தொழிலாளர். டைட்டானியப் பிடி போட்ட அவருடைய மடக்குக்கத்தியின் பெயர் செபென்சா. 2010இல் அமெரிக்காவிலிருந்த நண்பர் ஒருவர் விமானத்தின் சரக்கறைக்குப் போகும் பெட்டியில் வைத்து அதை எனக்குக் கொண்டுவந்தார். 19,500 ரூபாய். என் கைக்கு வரும் மாதச் சம்பளம் அப்போது 22,000. மனைவியிடம் 6,000 என்று சொன்னேன். அந்தப் பொய்யைச் சொல்ல எனக்கு அதிகம் சிரமமாக இருக்கவில்லை என்பதையும் இங்கே எழுதிவிடுகிறேன். குங்குமம் தீர்ந்துபோனது அந்த ஆண்டுதான்.

செபென்சா என்றால் சூலு மொழியில் 'வேலை' என்று பொருள். அதற்கு என் வீட்டில் ஒரு வேலையும் இல்லை. மாலையில் எடுத்து விரிப்பேன், மடிப்பேன், மெல்லிய துணியால் துடைத்து உறையில் போடுவேன். ஒரு முறை தபால் உறை ஒன்றைத் திறக்க அதை எடுத்தேன்; உறைக்குள் உலோகக் கவ்வி ஏதாவது இருந்து அலகைக் கீறிவிடுமோ என்று பயந்து, உறையைக் கையாலேயே கிழித்தேன்.

2011 டிசம்பர் 30 விடியலில் தானே புயல் புதுச்சேரிக்கும் கடலூருக்கும் இடையே கரையைக் கடந்தது. எங்கள் வீட்டு வேம்பு வேரோடு சாய்ந்து மதிலை உடைத்துத் தெருவில் விழுந்தது. எங்கள் தெருவுக்கு 9 நாள் மின்சாரம் இல்லை. அந்த நாள்களில் ஒரு மனிதனுக்குக் கத்தி எதற்கெல்லாம் தேவைப்படும் என்பதை வாழ்க்கையில் முதல் முறையாகப் பார்த்தேன். கிளைகளைப் பக்கத்து வீட்டுக்காரரின் அரிவாள் பார்த்துக்கொண்டது. தார்ப்பாயைக் கீறுவதற்கும், நனைந்து இறுகிப்போன கயிற்று முடிச்சுகளை அறுப்பதற்கும், இளநீர் மட்டையைச் சீவுவதற்கும், மெழுகுவத்தியைத் துண்டாக்குவதற்கும், அறுந்து தொங்கிய கேபிள் டி.வி. ஒயரை வெட்டுவதற்கும், அம்மாவுக்கு ரொட்டி நறுக்குவதற்கும் நான் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு திரிந்தவை இரண்டு: தாத்தாவின் கத்தி, மீன்கடைக்காரர்கள் வைத்திருப்பது போன்ற 70 ரூபாய்க் கத்தி ஒன்று. மூன்றாம் நாள் பீரோவைத் திறந்து, செபென்சா நனையாமல் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு மூடினேன். மூடிய பிறகு சிறிது நேரம் அங்கேயே நின்றேன்.

நனைந்தவை மற்றவைதாம். கடலுக்கு இவ்வளவு பக்கத்தில், தோல் உறைக்குள் கத்தியை வைத்துப் பூட்டுவது போன்ற முட்டாள்தனம் வேறில்லை. பதனிட்ட தோல் ஈரத்தையும் உப்பையும் உறிஞ்சி இரும்போடு அணைத்து வைத்துக்கொள்ளும். சனவரியில் எல்லாவற்றையும் வெளியே எடுத்தபோது 11 கத்திகளில் துரு குழி பறித்திருந்தது. ஒரு பழைய பேனாக்கத்தி தனி வகை. அதன் முத்துப் போன்ற பிடி செல்லுலாய்டு என்ற பழைய வகைப் பிளாஸ்டிக். அந்தப் பொருள் வயதாகிச் சிதையும்போது அமிலத்தன்மையுள்ள வாயுவை வெளிவிடும். அதை வைத்திருந்த தகரப் பெட்டியில் உடன் கிடந்த மூன்று கத்திகளையும் அது அரித்துவிட்டிருந்தது. அழகுக்காக வாங்கியது அண்டையில் இருந்தவற்றையும் கெடுத்தது.

பொங்கல் முடிந்ததும் பண்ருட்டிப் பக்கத்திலுள்ள மனைவியின் ஊருக்குப் போனோம். முந்திரித் தோப்பு முழுவதும் சாய்ந்து கிடந்தது. மாமனார் தம் கையால் வைத்த பலாமரங்களைத் தாமே வெட்டி அடுக்கிக்கொண்டிருந்தார். அவர் கையிலிருந்த அரிவாள் அவருடைய கல்யாணத்துக்கு முன்பு அடித்தது. தீட்டித் தீட்டி அகலத்தில் பாதி போய்விட்டிருந்தது. வேலைக்கு நடுவில் அரை மணிக்கு ஒரு முறை உட்கார்ந்து, கல்லில் நாலு இழுப்பு இழுத்து, கட்டைவிரல் நகத்தில் வைத்துப் பார்த்துக்கொள்வார். 43 கத்தி வைத்திருந்த எனக்கு ஒன்றைக்கூடத் தீட்டத் தெரியாது என்பது அப்போதுதான் உறைத்தது. அதற்கு முன்பு ஒரே ஒரு முறை, தெருவில் வந்த சாணைக்காரரிடம் அந்த லகியோலைக் கொடுத்திருந்தேன். சக்கரத்தில் பொறி பறந்தது. முனையில் ஒரு நீலத் திட்டு விழுந்தது. எஃகு அந்த அளவுக்குச் சூடேறினால் பதம் இறங்கிவிடும். அவர் மேல் குற்றம் சொல்ல முடியாது, அவருக்கு வரும் கத்திகள் எல்லாம் கசாப்புக் கடையிலிருந்து வருபவை.

தீட்டக் கற்றுக்கொள்ள எனக்கு ஏறக்குறைய ஓராண்டு பிடித்தது. படித்ததில் தெரிந்துகொண்டதைவிட, பெரிய மார்க்கெட்டில் மீன் அரியும் ஓர் அம்மா சொன்னதில்தான் எனக்கு விளங்கியது. வஞ்சிரத்தை அரிவாள்மனையில் துண்டு போட்டுக்கொண்டிருந்தவர், இடையில் ஒரு கல்லை எடுத்து அலகில் ஓட்டினார். பார்த்துக்கொண்டு நின்றேன். நான் செய்வதையும் செய்து காட்டினேன். "அழுத்தாத தம்பி, தடவு" என்றார். அவ்வளவுதான். கல்லை நனைத்து, அலகை 15 முதல் 20 பாகை வரை சாய்த்து, அந்தச் சாய்வு மாறாமல் தடவிக்கொண்டே போனால், சிறிது நேரத்தில் மறுபக்கத்து விளிம்பில் மயிரிழை போன்ற ஒரு பிசிறு எழும். கண்ணுக்குத் தெரியாது, அலகின் முதுகிலிருந்து விளிம்பை நோக்கி விரல் நுனியை மெல்ல ஓட்டினால் சுரசுரவென்று தட்டுப்படும். அந்தப் பிசிறு அடியிலிருந்து நுனி வரை ஒரே சீராக எழுந்துவிட்டதென்றால் ஒரு பக்கம் முடிந்தது என்று பொருள். பிறகு மறுபக்கம், பிறகு நுண்ணிய கல், கடைசியாகத் தோல் வாரில் பின்னோக்கி இழுத்தால் பிசிறு உதிர்ந்துவிடும். முதன்முதலில் இது எனக்குக் கைகூடியது அந்த 70 ரூபாய்க் கத்தியில்தான். செய்தித்தாளின் ஓரத்தில் வைத்தேன். தாள் சத்தமில்லாமல் இரண்டாகப் பிரிந்தது. அன்றிரவு வீட்டில் இருந்த தக்காளி அத்தனையையும் நறுக்கிவிட்டேன். மறுநாள் மூன்று வேளையும் தக்காளிதான்.

தீட்டத் தெரிந்த பிறகு, ஒவ்வொரு கத்திக்கும் நான் எதற்காக விலை கொடுத்தேன் என்பது ஒவ்வொன்றாகத் தெரியத் தொடங்கியது. என்னால் உண்டாக்க முடியாத கூர்மையைத்தான் நான் பணம் கொடுத்து வாங்கிக்கொண்டிருந்தேன். அது தொழிற்சாலையிலிருந்து வந்த அன்றைக்கு மட்டுமே இருக்கும். எஸ்30வியில் உள்ள வனேடியம் கார்பைடுத் துகள்கள் சாதாரணக் கல்லைவிடக் கடினமானவை. அதைத் தீட்ட வைரத்தூள் பதித்த தகடு வேண்டும். போதாக்குறைக்கு, அந்த அலகின் முதுகு 3 மில்லிமீட்டருக்குமேல் தடிமன். கேரட்டை வெட்டினால் அது நறுக்காது, பிளக்கும். தாத்தாவின் கத்தி அதில் ஏறக்குறைய பாதித் தடிமன். கேரட் அதற்குத் தெரியாமலேயே துண்டாகும். கடினமான எஃகு கூர்மையை நீண்ட நாள் வைத்திருக்கும் என்பது உண்மைதான், ஆனால் நறுக்குவது எஃகின் பெயரன்று, அலகின் மெலிவு.

எஃகுப் பெயர்களின் மயக்கத்தில் இருந்த காலத்தில் நான் படித்ததில் வீணாகாத ஒன்றும் உண்டு. கடலூருக்குத் தெற்கே இருக்கிற பரங்கிப்பேட்டையில், ஜோசையா மார்ஷல் ஹீத் என்ற ஆங்கிலேயர் 1830களில் ஓர் இரும்பாலை நடத்தினார். தாது சேலத்திலிருந்து வந்தது. ஊருக்குத் திரும்பிய அவர், உருக்கும்போது மாங்கனீசு சேர்க்கும் முறைக்கு 1839இல் காப்புரிமை எடுத்தார். கத்திக்குப் பெயர்போன ஷெஃபீல்டு நகரத்தின் எஃகு அதனால் மலிவானது. மற்றவர்கள் அந்த முறையைச் சற்று மாற்றிப் பயன்படுத்திக்கொண்டு காசு தராமல் விட, அவர் வழக்காடியே ஓய்ந்தார். அதற்கும் முன்பு, 1820இல், மைக்கேல் ஃபாரடே ஜேம்ஸ் ஸ்டோடார்ட்டுடன் சேர்ந்து, நம் பக்கத்திலிருந்து போன 'ஊட்ஸ்' எஃகை ஆராய்ந்து எழுதியிருக்கிறார். ஸ்டோடார்ட் தொழிலால் கத்தி செய்பவர். இதைச் சொல்லி மார்தட்டிக்கொள்ள ஒன்றும் இல்லை, பரங்கிப்பேட்டை ஆலையே நொடித்துப்போனதுதான். ஆனால் அமெரிக்க எஃகின் விழுக்காடுகளை மனப்பாடம் செய்திருந்த எனக்கு, பேருந்தில் போய்வரும் தொலைவில் இருக்கிற ஊரைப் பற்றித் தெரியாமல் இருந்தது கூச்சமாக இருந்தது.

2013இல் மாமனாரின் அரிவாளை அடித்த பட்டறையைத் தேடிப் போனேன். அடித்தவர் இல்லை, மகன் இருந்தார். லாரியின் ஸ்பிரிங் பட்டையிலிருந்து ஒரு துண்டை எடுத்து 4 அங்குல அலகாக அடித்துத் தரச் சொன்னேன். "இவ்ளோ சின்னதா, சார்? எதுக்கு?" என்று கேட்டார். பழம் நறுக்க என்றேன். நம்பவில்லை. சிவக்கக் காய்ச்சி எண்ணெயில் தோய்த்த பிறகு, அலகைக் கல்லில் தேய்த்து வெளுப்பாக்கி மறுபடியும் மெல்லச் சூடு காட்டினார். வெளுத்த இடத்தில் வைக்கோல் நிறம் படர்ந்த நொடியில் எடுத்துத் தண்ணீரில் விட்டார். அந்த நிறம் 220, 230 பாகை செல்சியசுக்கு உரியது என்று நான் படித்திருந்தேன். அவரிடம் வெப்பமானி இல்லை. வேம்புப் பிடியோடு 450 ரூபாய் வாங்கிக்கொண்டார்.

அதே ஆண்டில் தாத்தாவின் கத்தியைப் போலவே புதிதாக ஒன்று வாங்கினேன். அது ஒப்பினேல். 1890இல் பிரான்சின் சவோய் மலைப்பகுதியில் ஜோசப் ஒப்பினேல் செய்யத் தொடங்கியது. முடிசூடிய கை 1909 முதல் அதன் முத்திரை. புதிய கத்தியில், பிடியின் கழுத்தில் ஒரு வளையம் இருந்தது; அதைத் திருப்பினால் அலகு மடியாமல் பூட்டிக்கொள்ளும். தாத்தாவுடையதில் அந்த வளையம் எப்போதோ விழுந்துவிட்டது போலும் என்று எண்ணி, மாற்று வளையம் கிடைக்குமா என்று தேடப்போய்த்தான் தெரிந்தது, வளையம் 1955இல் வந்த ஏற்பாடு. தாத்தாவின் கத்தி அதற்கு முந்தியது. அதே தேடலில் இன்னொன்றும் கிடைத்தது. அந்தக் கத்தியின் பிடி பீச் மரம். ஈரக் காற்றில் அது உப்பி அலகைக் கவ்விக்கொள்ளும். அப்போது பிடியின் பின்முனையை ஏதாவது கெட்டியான விளிம்பில் ஒரு தட்டுத் தட்டினால் அலகு சற்றே வெளியே தலை நீட்டும். 'சவோய்க்காரன் தட்டு' என்றே பிரெஞ்சில் அதற்குப் பெயர் உண்டு. திண்ணை விளிம்பில் 'டொக்'. சைகோனில் எந்த நண்பன் அவருக்கு அதைக் கற்றுக்கொடுத்தானோ.

இதற்குப் பிறகுதான் எனக்கு நிலையான ஒரு வரம்பு அமைந்தது. இதைச் சம்பளத்தை வைத்துக் கணக்கிடவில்லை. எந்த விலைக்கு மேல் போனால் ஒரு கத்தியை எடுத்து மாம்பழம் நறுக்க எனக்குக் கை நடுங்குமோ, அந்த விலைதான் என் வரம்பு. எனக்கு அது 3,000 ரூபாய். வசதியான ஒருவருக்கு அது 30,000 ஆக இருக்கலாம், அவரைக் குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. அவர் நறுக்கினால் சரி. இந்த உரைகல்லில் ஒவ்வொன்றாகத் தேய்த்துப் பார்த்ததில் பெரும்பாலானவை போயின. சிலவற்றை விற்றேன், சிலவற்றைக் கொடுத்தேன், பித்தளை மீனைப் பழைய இரும்புக் கடையில் எடைக்குப் போட்டேன். நீலத் திட்டோடு இருந்த லகியோலைச் சித்தப்பா மகன் கேட்டு வாங்கிக்கொண்டான், ஒரு ரூபாய் நாணயம் கொடுத்து. புதிதாக ஒன்று வந்தால் பழையது ஒன்று போக வேண்டும் என்பது இப்போதைய ஏற்பாடு.

இதில் ஒரு தில்லுமுல்லும் இருக்கிறது, அதையும் ஒப்புக்கொள்கிறேன். கற்களுக்கு நான் வரம்பு வைக்கவில்லை. சப்பானிய நீர்க்கல் ஒன்று 4,200, வைரத் தகடு 6,500, தோல் வார் 900. கத்திகளை விற்று வந்த பணத்தில் பாதி அவற்றைத் தீட்டும் கல்லுக்குப் போயிருக்கிறது. மகள் இதைக் கண்டுபிடித்துவிட்டாள். மனைவி இன்னும் கண்டுபிடிக்கவில்லை என்று நினைக்கிறேன்.

வரம்புக்கு வெளியே எஞ்சி நின்றது செபென்சா மட்டுமே. விற்கவும் மனம் வரவில்லை, எடுக்கவும் கை வரவில்லை. சென்ற ஆண்டுதான் பெங்களூரில் இருக்கும் சேகரிப்பாளர் ஒருவரிடம் பேச்சு ஓடி, 28,000 என்று முடிவாகும் கட்டத்துக்கு வந்தது. மறுநாள் அலுவலகத்திலிருந்து வீடு திரும்பினால், கூடத்தில் செய்தித்தாள் விரித்து, மாமனார் பண்ருட்டியிலிருந்து அனுப்பிய பலாப்பழத்தைப் பிரித்துப் போட்டுச் சுளை எடுத்துக்கொண்டிருந்தாள் மனைவி. கையில் செபென்சா. படம் எடுத்து அனுப்புவதற்காக நான் மேசைமேல் வைத்துவிட்டுப் போயிருந்தேன். "நல்லாத்தாங்க வெட்டுது, இத்தனை நாளா சும்மா பூட்டி வெச்சிருந்தீங்களே" என்றாள். தயங்கவே இல்லை அவள். அவளைப் பொறுத்தவரை அது 6,000 ரூபாய்க் கத்தி.

பலாப்பால் அலகில் ஏறி, மடிப்பின் இடுக்கு வரை போய் ஒட்டியிருந்தது. தேங்காய் எண்ணெய் தடவி, திருகாணிகளைக் கழற்றி, இரண்டு மணி நேரம் துடைத்தேன். கொட்டையில் பட்டதோ என்னவோ, அலகின் நடுவே நீளமாக ஒரு கீறல். மறைக்க மனமில்லாமல் பெங்களூர்க்காரருக்கு உள்ளதைச் சொல்லிப் படமும் அனுப்பினேன். இரவு எட்டு மணிக்கு அவரே கூப்பிட்டார். எண்ணெய்க் கையோடு இருந்ததால் பேசியை ஒலிபெருக்கியில் போட்டுவிட்டுப் பேசினேன். பயன்படுத்திய கத்தி என்றால் 28க்கு வாய்ப்பில்லை, 24,000 என்றால் எடுத்துக்கொள்கிறேன் என்றார். யோசித்துச் சொல்வதாகச் சொல்லி வைத்துவிட்டுத் திரும்பினால், சமையலறை வாசலில் மனைவி நின்றுகொண்டிருந்தாள். அவள் எதுவும் கேட்கவில்லை. உள்ளே போய்ச் சுளைகளைப் பாத்திரத்தில் போட்டு மூடினாள்.

கத்தியை நான் விற்கவில்லை. இப்போது அதை அடிக்கடி எடுக்கிறேன். கீறல் விழுந்த பிறகு எனக்குக் கை நடுங்குவதில்லை. நேற்று மாமனார் மறுபடியும் ஒரு பழம் அனுப்பியிருந்தார். மனைவி அரிவாள்மனையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். செபென்சா மேசைமேல், அவள் கைக்கு எட்டும் தூரத்தில்தான் இருந்தது.